வெல்லத்தின் வால்முடி

தரணிக்குக் காலையிலிருந்தே கடுப்பு. காரணம், ஒரு கன்றுக்குட்டி. வெல்ல நிறத்தில் பிறந்ததால் அதற்கு வெல்லம் என்று பெயர். பெயரில் இருந்த இனிப்பு குணத்தில் துளியும் இல்லை.

"கொஞ்சம் நில்லேன்! வால்ல நாலு முடி கேட்டா இந்த ஓட்டமா?"

வெல்லம் ஓர் உதறு உதறியது. தரணி சாணியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, அப்படியே இருங்க. போட்டோ எடுத்துக்கறேன்!" என்று தண்ணீர்த் தொட்டிமேல் இருந்து சிரித்தான் தம்பி யுவன்.

உதவிக்கு வராவிட்டாலும் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நேற்று ராத்திரி அப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். "இதுக்கு உருவமும் இல்ல, அடக்கமும் இல்ல. தாராபுரத்துச் சாமியப்பன் கேட்டுட்டே இருக்கறாரு. குடுத்துடலாம்."

தரணி அழுது பார்த்தாள். அப்பா அசையவில்லை. காலையில் மாட்டு டாக்டர் பிரியங்கா ஊருக்கு வந்ததும் ஓடிப்போய் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"உருவத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க," என்றார் டாக்டர் அப்பாவிடம். "வால்முடியோட அடியில வெள்ளையா சின்னக் குமிழ் இருக்கும். அதுல கன்னோட மரபணு இருக்குது. எந்தக் கன்னு நாளைக்கு நல்ல கன்னுகளை ஈனும்னு அதை வெச்சுப் பாக்கலாம். அந்த மாதிரிக் கன்னுகளைத்தான் தேடிட்டிருக்கோம்."

அப்பா தலையைச் சொறிந்தார். "சரி கண்ணு. டெஸ்ட்டுல நல்லா வந்தா வெச்சுக்கலாம். இல்லீனா அப்புறம் அழப்படாது."

டாக்டர் கையை நீட்டியதும் வெல்லம் எகிறிக் குதித்து ஓடிவிட்டது. அவருக்கு இன்னும் பல தோட்டங்கள் பாக்கி இருந்தன. ஒரு காகிதக் கவரைத் தரணியிடம் கொடுத்தார். "வேரோட பிடுங்கி இதுல போட்டு வை. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

அதற்காகத்தான் இந்த ஓட்டம். மத்தியானம் எப்படியோ முடி கிடைத்தது. கவரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால், மேசையருகே அம்மா. கையில் நூல் வெட்டும் டிரிம்மர். முகத்தில் பெருமை.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிசிறு எங்கே தெரிந்தாலும் கை சும்மா இருக்காது. சித்தியின் கல்யாணப் புடவையில் குஞ்சத்தையே பிசிறு என்று வெட்டியவர்.

"முடியெல்லாம் ஏறுக்குமாறா இருந்துச்சு கண்ணு. நுனியில வெள்ளை வெள்ளையா என்னமோ வேற. அழகா வெட்டிச் சமமாக்கிட்டேன்."

"அம்மா! அந்த வெள்ளைதானுங்க வேணும்! வெட்டுனது எங்கீங்க?"

"கூட்டி வெளிய கொட்டிட்டேனே."

தரணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த வீட்டில் கன்றும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, மனிதர்களும் கேட்பதில்லை!

யுவன் காதருகே வந்தான். "வேலாத்தாள் அக்கா கன்னு சாதுக்கா. அதுல பிடுங்கிக் குடுத்துடலாம். அதுவும் இதே நிறந்தானே? யாருக்குத் தெரியும்?"

தரணி வேலிவரை போனாள். பக்கத்துத் தோட்டத்துக் கன்று வாலைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. கை நீண்டது. பிறகு நின்றது.

"வேண்டாண்டா. நல்லா வந்தா இந்தக் கன்னுதான் நல்லதுன்னு அர்த்தம். மோசமா வந்தா, வெல்லத்தை வித்துடுவாங்க. வேற கன்னோட முடிக்கு அது ஏண்டா ஊரை விட்டுப் போகோணும்?"

திரும்பி வந்து வெல்லத்தின் எதிரே தொப்பென்று உட்கார்ந்தாள். துரத்தத் தெம்பில்லை.

ஆச்சரியம்! வெல்லம் ஓடவில்லை. அவளையே பார்த்தது. காலையிலிருந்து எல்லோரும் பின்னால் போய்த் திடீரென்று வாலைப் பிடித்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் குதிக்கத்தானே செய்வார்கள்!

"பயந்துட்டியா? சொல்லாமக் கொள்ளாமப் பிடிச்சது தப்புதான்," என்று கழுத்தைச் சொறிந்தாள். கன்றின் கண்கள் மெல்லச் சொருகின.

"அம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "சத்தம் போடாம வாங்க. முதல்ல முதுகைத் தடவுங்க."

அம்மா டிரிம்மரை யுவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். முதுகைத் தடவி, வால்முடியை விரலில் சுற்றி, நூல் இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்தார். வெல்லம் காதை மட்டும் ஆட்டியது.

"வெள்ளை இருக்குதுங்களா?"

"இருக்குது சாமி."

"அதைத் தொடாதீங்க!"

"தொடலை சாமி, தொடலை!"

சாயங்காலம் டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வந்த காத்திருப்பு இருக்கிறதே, அது எல்லாக் கடுப்பையும்விடப் பெரிய கடுப்பு. கடைசியில் ஒருநாள் அப்பாவுக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. அப்பா "அப்படீங்களா, அப்படீங்களா" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்தவர், அடுத்து சாமியப்பனுக்கு அடித்தார்.

"கன்னு குடுக்கறதுக்கில்லீங்க. ரொம்ப நல்ல கன்னாம், தாய்மாடா வளக்கச் சொல்றாங்க. அதுவுமில்லாம, அது எங்க தரணியோடதுங்க. நான் எப்படிங்க விக்கறது?"

தரணி துள்ளிக் குதித்தாள்.

"இரு இரு," என்றார் அப்பா. "கன்னு உன்னோடதுன்னா, அது போடற சாணியும் உன்னோடதுதான்."

தரணி கூடையைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தறிக்கு ஓடினாள். சாணி அள்ளச் சிரித்துக்கொண்டே ஓடும் பிள்ளையை அந்த வீட்டில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.