முருகனுக்கு விழுந்த நாற்பத்தொன்று

செவ்வாய்க் கோளின் மூன்றாம் கண்ணாடிக் குடியிருப்புக் கூண்டில் காலையில் கண் விழித்ததும் யாரும் துணையின் முகத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே தோலுக்கடியில் பதித்த நிறைவுமானி பச்சையாக ஒளிரும். மனசு எவ்வளவு நிறைந்திருக்கிறதென்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லிவிடும். ஒளிவுமறைவே கிடையாது. இந்த வருடம் வந்த சட்டப்படி, தொண்ணூறு நாள் தொடர்ந்து அறுபதுக்குக் கீழே கிடந்தால் கல்யாணம் தானாகவே ரத்து.

சௌந்தரவல்லிக்கு நாற்பத்தொன்று. எண்பத்தொன்பதாவது நாள்.

அவள் கணவன் மாசிலாமணி கூண்டுக்கு மூச்சுக்காற்று தரும் பாசித் தொட்டிகளைக் கவனிப்பவன். அவனுக்கு எப்போதும் எண்பது. சோறும் வல்லியும் இருந்தால் போதும் அந்த மனுஷனுக்கு. பாவம், என்னென்னவோ செய்து பார்த்தான். சமைத்தான், கவிதை எழுதினான், அவள் பேசும்போது கொட்டாவியை விழுங்கினான். எண் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனான். செவ்வாய் முருகனுடைய கோளாயிற்றே, கோயில் இல்லாமல் இருக்குமா?

தீபாராதனை காட்டினார்கள். வல்லியின் மணிக்கட்டில் எண் குடுகுடுவென்று ஏறி நூறில் நின்றது. நிறைவு யாரால் வந்தது என்று மானிக்குத் தெரியாது. கல்யாணம் பிழைத்தது. மாசிலாமணி அங்கேயே அழுதுவிட்டான்.

அப்புறம் இரண்டு மாதம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். வல்லி தினமும் கோயிலுக்குப் போனாள், பாடிக்கொண்டே திரும்பினாள். அவன் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

பிறகுதான் அவளுடைய கிருத்திகை உபயம் வந்தது. அன்றைக்குப் பார்த்து வெறும் சந்தனக்காப்பு. நாலாம் கூண்டுக்காரி உபயத்துக்கு மட்டும் ராஜ அலங்காரமாம். தொண்ணூறு, எழுபது, ஐம்பது என்று சரிந்து பழைய நாற்பத்தொன்றிலேயே வந்து உட்கார்ந்தது எண். எண்பத்தொன்பது நாள் அப்படியே போயிற்று. அன்று சந்நிதியில் நின்று, தான் வந்து போவதாவது தெரிகிறதா என்று முருகனை ஒரு பிடி பிடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கலவரத்தோடு மாசிலாமணி காப்பியை நீட்டினான்.

ஒரு வாய் குடித்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவருக்கு நீங்களே எவ்வளவோ தேவலை. கூப்பிட்டா 'ம்'னாவது சொல்றீங்க."

மணிக்கட்டில் அறுபத்தொன்று.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஒரு தேங்காயோடு மாசிலாமணி கோயிலுக்கு ஓடினான். அங்கே வாசல்வரை வரிசை. கணவன்மார் பாதி, மனைவிமார் பாதி, எல்லார் கையிலும் தேங்காய். ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

தன் முறை வந்ததும் மாசிலாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மனசுல வெச்சுக்காதே முருகா. எல்லாரும் உன்னைத் திட்டிட்டுத்தான் வீட்டுக்கு வர்றாங்க. அதனாலதான் எங்க வீடெல்லாம் நிக்குது."