காஜா பாய் கடை பர்கர்

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் காலை உணவுக்கு அரை நிமிடம் போதும். சுவரிலிருந்து ஊட்டுக்குழலை இழுத்துக் கழுத்தோரம் பதித்திருக்கும் திறப்பில் செருகினால் வேலை முடிந்தது. மென்று தின்ன ஆசைப்படுகிறவர்கள் எப்போதாவது உணவகத்துக்குப் போவார்கள்.

சுகந்தி குழலைச் செருகிக்கொண்டு, கண்ணுக்குள் பொருத்தியிருந்த அகத்திரையின் வழியே ஒரு சரக்கு விண்கப்பலைத் தரையிறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் அவள் கணவன் எட்வின் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். சுரங்கச் சரிவில் சிக்கி மீட்கப்பட்டதிலிருந்து அவன் உடல் குழல் உணவை ஏற்கவில்லை. செலுத்தினால் வலிப்பு வந்தது.

"இனிமே வாயால சாப்பிட்டாத்தான் உண்டு," என்றார் டாக்டர் நப்பின்னை. "இந்த வாரத்துக்குள்ள ஏதாவது உள்ள போகலைன்னா, உறைதுயில்ல வச்சு பூமிக்கு அனுப்பறதைத் தவிர வேற வழியில்லம்மா."

உடலை உறைய வைக்கும் அந்தத் தூக்கத்திலிருந்து எல்லோரும் எழுந்துவிடவில்லை. சுகந்திக்கு அது தெரியும்.

உணவகத்திலிருந்து கஞ்சி வாங்கிக் கொடுத்தாள், ரசம் கொடுத்தாள். எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. "காஜா பாய் கடை பர்கர் கெடைக்குமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டான் எட்வின். பழைய சுரங்கத்தின் அடியாழத்தில் இருந்த கடை அது. கல்யாணமான புதிதில் இருவரும் அடிக்கடி போவார்கள். அவனைச் சாய்த்த அதே சரிவில் அந்தக் கடையும் புதைந்துபோயிருந்தது.

அடுப்பையே தொட்டறியாதவள் வீட்டில் பர்கர் செய்யத் தொடங்கினாள். ரொட்டிக்கு நடுவில் வைக்க உணவு அச்சுப்பொறி வார்த்துக் கொடுத்த வடை ரப்பராக இழுத்தது. ரொட்டி கருகி, தீயணைப்பு நுரை அறை முழுக்கக் கொட்டியது. அகத்திரையில் கப்பலைக் கவனித்தபடியே வடையைப் புரட்டியதில் கை வெந்தது. ஒவ்வொன்றையும் எட்வின் கடித்தான், மென்றான், துப்பினான்.

"இது இல்ல, சுகந்தி."

கடைசியில், சரிவில் உயிர் தப்பியிருந்த காஜா பாயையே தேடிப்பிடித்து அழைத்து வந்தாள். அவர் சோயாவையும் காளானையும் பூண்டோடு அரைத்து, மிளகு தூவி, பொன்னிறமாகச் சுட்டெடுத்தார். "ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லம்மா. கடையில போட்டது அச்சு அசல் இதேதான்."

எட்வின் நெடுநேரம் மென்றான். விழுங்க முடியவில்லை. காஜா பாய் அவள் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் கிளம்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அகத்திரையில் மேலதிகாரி கத்தினார், கப்பல் காத்திருந்ததாம். சுகந்தி காதுக்குப் பின்னாலிருந்த விசையை அழுத்தி எல்லாவற்றையும் அணைத்தாள். கட்டிலருகே தரையில் சரிந்து அழுதாள்.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு? அவரே வந்து செஞ்சும் இல்லைன்னா நான் இனி எங்க போவேன்?"

எட்வின் அவள் கண்களையே பார்த்தான். எப்போதும் அங்கே மினுங்கும் அகத்திரையின் நீல ஒளி இல்லை.

"அவ்வளவு ஆழத்துல அகத்திரைக்கு அலை எட்டாது, சுகந்தி. அந்தக் கடையில மட்டும்தான் நீ என் முகத்தைப் பாத்துப் பேசுவ."

சுகந்தி ஆறிப்போன பர்கரிலிருந்து ஒரு துண்டு பிய்த்து நீட்டினாள். பிறகு பேசினாள், கருகிய ரொட்டியைப் பற்றி, நுரையில் வழுக்கி விழுந்ததைப் பற்றி. அவன் சிரித்தான். சிரித்தபடியே விழுங்கினான்.

எட்வின் எழுந்து நடமாடத் தொடங்கியதும் டாக்டர் இதைப் பற்றி எழுதினார். குடியிருப்பே பேசியது, பிறகு பூமியும் பேசியது. 'முகம் பார்த்து உண்போம்' என்று ஓர் இயக்கம் பிறந்தது. சுகந்திதான் அதன் தலைவி.

இயக்கத்தின் முதல் ஆண்டு விழாவன்று சுகந்தியும் எட்வினும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அகத்திரையில் பேட்டியாளர் கேட்டார்: "நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்பறீங்க?"

"சாப்பிடும்போது திரையை அணைச்சிடுங்க. எதிர்ல இருக்கறவங்களைப் பாருங்க," என்றாள் சுகந்தி, கண்களில் நீல ஒளி மினுங்க. கோடிக்கணக்கானவர்கள் கழுத்தில் குழலோடு அதைப் பார்த்து நெகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"சுகந்தி..." என்றான் எட்வின். முதல் வாய் இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை.

"ஒரு நிமிஷங்க," என்று அவன் பக்கம் திரும்பாமலே கையமர்த்தினாள் அவள். "உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கேன்."