ஜீரோ என்று வந்த ரிசல்ட்

"வீட்ல ஸ்தோத்திர ஜெபம். நீ ஆஸ்பத்திரிப் பையத் தூக்கிக்கினு நிக்கிற. மனசே இல்லியா அண்ணி உனக்கு?"

பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள் ஏஞ்சல். சாராள் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சாராளின் கணவன் மோசஸுக்கு நுரையீரலில் புற்றுநோய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலையில் வேலை பார்த்தவன். கட்டியிலிருந்து எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் கேட்டு லேபுக்குப் போன் செய்தவள் அவன் தங்கை ஏஞ்சல். "ஜீரோ பர்சன்ட்" என்றார்கள். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை, கொழுப்பு என்று எண் குறைந்தாலே சந்தோஷப்பட்டுப் பழகிய குடும்பம். அண்ணனுக்கு நோய் ஜீரோ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்று பாஸ்டர் முன்னால் மோசஸ் எழுந்து, சுகமானேன் என்று சாட்சி சொல்ல வேண்டும்.

கீமோவும் இன்றுதான்.

"சுகமானவன இழுத்துக்கினு போயி விஷத்த ஏத்துற. எங்கண்ணன் நல்லாயிட்டா உனக்கு இன்னா பேஜாரு?"

"மெதுவா பேசு ஏஞ்சலு."

"ஏன்? அண்ணனே போவலன்னுதான் சொல்லுது."

சாராள் அடுப்பை அணைத்தாள்.

"அந்த ஜீரோ நோயோட கணக்கு இல்ல. உடம்பே நோயோட சண்ட போடறதுக்கு ஒரு ஊசி இருக்குதாம். கட்டியில ஒரு அடையாளம் நெறைய இருந்தா அது நல்லா கேக்குமாம். அந்த அடையாளம்தான் ஜீரோ. ஊசிய நம்பி கீமோவ உட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஏஞ்சலின் கை நின்றது.

"தெரிஞ்சிக்கினேவா... நான் பேசுனதெல்லாம் வாங்கிக்கின?"

"நீ சொன்ன அன்னிக்குத்தான் உங்கண்ணன் தட்டு நெறைய சாப்ட்டுச்சு. எப்டி சொல்றது?"

கதவருகில் மோசஸ் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"வா சாராளு. பஸ்ஸு போயிடும்."

ஏஞ்சல் அண்ணியின் தோளில் முகம் வைத்து அழுதாள். சாராள் அவள் முதுகைத் தடவினாள். பிறகு மெல்ல விலக்கினாள்.

நாலு வீடு தாண்டுவதற்குள் மோசஸுக்கு மூச்சு வாங்கியது. கரண்டுக் கம்பத்தைப் பிடித்து நின்றான். பின்னால், ஜெபத்துக்கு முதலில் வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏஞ்சல் பேசுவது கேட்டது.

"சரியாவலக்கா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். எங்கண்ணிக்கு அப்பவே தெரியும்... அத நான் எவ்ளோ பேசிட்டேன்... நீ உள்ள வா. ஜெபம் பண்ணலாம்."

மோசஸ் கம்பத்தை விட்டுவிட்டு மனைவியின் கையைப் பிடித்தான்.