நூல் அறவில்லை

நாலாவது மாடியிலிருந்து விழுந்த பெயிண்டர் முற்றத்தில் குப்புறக் கிடந்தான்.

இடுப்பில் பாதி பெல்ட். மீதிப் பாதி மேலே கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது...

இன்ஸ்பெக்டருக்கு அலுத்துப்போனது. இந்த வாரம் இது மூன்றாவது பிணம். முழங்கால் வேறு வலி.

"தையல் விட்டிருக்கு சார்," என்றான் கான்ஸ்டபிள். "தைச்சவங்களைக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

தையல்கார அக்கா. கழுத்திலிருந்த இன்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"உன் தையலால ஒரு உசுரு போயிடுச்சும்மா. ஜெயில்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் உள்ள போனா என் பொண்ணுக்கு யாருமில்ல சார்..." பயத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒரு தடவை அந்த பெல்ட்டைக் காட்டுங்க."

கொடுத்தார்கள். கிழிந்த ஓரத்தை விரலால் நெருடினாள். பயம் போய்க் கோபம் வந்தது.

"தையல் நூல் ஒண்ணுகூட அறல சார். துணியோட இழைதான் தையலை விட்டு உருவிட்டு வந்திருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? நான் தைச்சது கான்வாஸ். இழைக்கு இழை மேலயும் கீழயும் நெருக்கிப் பின்னினது. இது சாட்டின் நெசவு. நாலு இழை தாண்டித் தாண்டிப் போகும், பிடிமானமே கிடையாது. நான் ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு, ஜீன்ஸ் மாதிரி ரெட்டைத் தையல் அடிப்பேன். இதுல வெறும் ஒத்தைத் தையல். இது என் பெல்ட்டே இல்ல."

புகார் கொடுத்தவன் குறுக்கே வந்தான். பெயிண்ட் கான்ட்ராக்டர். செத்தவனின் மச்சான்.

"நழுவப் பார்க்குறா சார். இவ தைச்சதுதான். ஓரத்துல பாருங்க, சிவப்பு நூல்ல ஓட்டுத் தையல். இவ தைக்கிற எல்லா பெல்ட்லயும் அது இருக்கும்."

அக்கா அவனையே பார்த்தாள்.

"நிஜம்தான் சார். மடிப்பு நகரக்கூடாதுன்னு சிவப்பு நூல்ல ஓட்டுத் தையல் போடுவேன்... ஆனா அது மடிப்புக்குள்ள. மேல ரெட்டைத் தையல் விழுந்ததும் மறைஞ்சுடும். என் பொண்ணுக்கே தெரியாது."

"அப்போ இவருக்கு மட்டும் எப்படி...?"

"என் தையலைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

மச்சான் மெல்லப் பின்வாங்கினான்.

கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தான். அதற்கே மச்சான் உடைந்துபோனான்.

"வீட்டுல பங்கு கேளுன்னு என் தங்கச்சியைத் தூண்டிவிட்டான் சார்... இவங்க பெல்ட்டைப் பிரிச்சுப் பார்த்து, நானே ஒண்ணு தைச்சு மாத்திட்டேன். அச்சு அசலா இருக்கணுமேன்னுதான் அந்தச் சிவப்பு நூலையும்..."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"வீட்டுக்குப் போம்மா. பொண்ணு தேடும்," என்ற இன்ஸ்பெக்டர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு மச்சானுக்கு விலங்கு மாட்டினார்.

"பெல்ட்டைத் தைச்ச கையோட, உன் வாயையும் தைச்சிருக்கலாம்யா."