ஸ்பீக்கரைப் போடாதீங்கோ, டொக்டர்!

டெலிபோன் அலறியது!

காலை பத்து இருபது.

இர்ஷானா மின்விசிறியை நிறுத்தினாள். அறைக் கதவைத் தாழிட்டாள். ஹெட்செட்டைக் காதில் மாட்டினாள்.

அவளுடைய தொழில் கொஞ்சம் விசித்திரமானது. சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் நடுவில், டெலிபோனில், குரலாக மட்டும் உட்கார்ந்திருப்பாள். பெயர் கேட்கக்கூடாது. ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. பேசி முடிந்ததும் குறிப்புத் தாளைக் கிழித்துவிட வேண்டும். வருகிற அழைப்பை எடுக்கலாம்... திருப்பி அழைக்க முடியாது!

"கொழும்பிலிருந்து பேசுகிறார்கள், உங்கள் ஊர்க்காரர் காதில் விழாது" என்று நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வார்கள்.

உண்மையில் அந்த ஆஸ்பத்திரிக்கும் இர்ஷானாவின் வீட்டுக்கும் மூன்றே கிலோமீட்டர்!

"டொக்டர் தனுக பேசுகிறேன்."

அவர் பேசியது சிங்களம். நம் வசதிக்காகத் தமிழில்!

"ஒன்பதாம் கட்டில். இருபத்தாறு வயதுப் பெண். கை முறிவு, தலையில் காயம். கிணற்றில் வழுக்கி விழுந்ததாகப் புருஷன் சொல்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை. மருந்து வாங்கி வரச்சொல்லி அவனை வெளியே அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் கேளுங்கள்... உண்மையில் என்ன நடந்தது?"

பின்னணியில் ஒரு பெண்ணின் குரல். தாயின் கனிவு அதில் இருந்தது.

"அழாத பிள்ளை. டொக்டரிட்ட எல்லாத்தையும் சொல்லு. நான் வெளிய நிக்கிறன், என்ன?"

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டெலிபோன் நோயாளியின் கைக்குப் போனது. அவள் பெயர் டினோஜா. அது நமக்குத் தெரியும், இர்ஷானாவுக்குத் தெரியாது.

"அம்மா, நீங்கள் சொல்லுறது டொக்டருக்கு மட்டும்தான் போகும். பயப்படாம சொல்லுங்கோ. என்ன நடந்தது?"

"வழுக்கி..."

அழுகை.

"இல்ல! வழுக்கேல்ல! அவர்தான் தள்ளினவர்!"

டெலிபோன் டொக்டரிடம் போனது. 'டக்' என்று ஒரு சத்தம். உடனே அறை முழுவதும் இர்ஷானாவின் காதுக்குள் வந்தது.

"டொக்டர், தயவுசெய்து ஸ்பீக்கரைப் போடாதீர்கள்!"

"ஒரு கையால் காயத்துக் கட்டைப் பிடித்திருக்கிறேன். மறு கையால் எழுதுகிறேன். மூன்றாவது கைக்கு எங்கே போவேன்? திரை மூடியிருக்கிறது, இங்கே வேறு யாரும் இல்லை. சொல்லுங்கள்."

சொன்னாள்.

"பிள்ளை இருக்கிறதா? எங்கே? சிறுவர் பாதுகாப்பு அதிகாரிக்கு நான் அறிவிக்க வேண்டும்."

மறுபடி டினோஜாவின் கையில் டெலிபோன். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சோடு மூச்சாகப் பேசினாள்.

"நாலு வயசு மகள்... அவளையும் கிணத்துக்குள்ள போடுவன் எண்டவர். பயத்தில நேற்றுப் பின்னேரம் கொண்டுபோய் ஒளிச்சுப்போட்டன். எங்க எண்டு கேட்டு அடிச்சவர். சொல்லேல்ல. அதுக்குத்தான் தள்ளினவர்!"

"இப்ப எங்க இருக்கிறா?"

"ஓலைத்தொடுவாய். அருள்நாயகி அக்கா வீட்டில. ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா... என்ட பிள்ளை இல்லை!"

'டக்!'

ஸ்பீக்கர்.

இர்ஷானா வாயைத் திறந்தாள்.

அந்த நொடியில்...

கீச்...!

மெல்லிய சத்தம். திரைக்கு அந்தப் பக்கம். மிகவும் கிட்ட!

கதவா? கதிரையா?

ஐந்து வருடமாகக் காதை மட்டும் வைத்துப் பிழைக்கிறவள் அவள். அங்கே யாரோ நிற்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். புருஷன் திரும்பி வந்துவிட்டானா?

"ஹலோ! எங்கே அந்தப் பிள்ளை?" என்றார் டொக்டர்.

ஐந்து வருடத்தில் ஒரு சொல் மாற்றியதில்லை இர்ஷானா. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு. அன்றைக்கு இரண்டும் போயின.

வாய்க்கு வந்த ஊரைச் சொன்னாள்.

"நறுவிலிக்குளம். தேவாலயத்துக்குப் பின்னால், இரண்டாவது வீடு."

"நன்றி."

லைன் செத்தது!

இர்ஷானா தாளைக் கிழித்தாள். அடுத்த தடவை அந்த டொக்டர் லைனில் வரும்போது, ஸ்பீக்கரை நிறுத்தச்சொல்லி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அடுத்த தடவை வந்தது.

பகல் ஒன்று பதினைந்துக்கு!

"டொக்டர் தனுக. வெட்டுக்காயம். அறுபது வயது விவசாயி. தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன் மேசையில் கிடக்கிறது. ஸ்பீக்கரைப் பற்றிப் பேசாதீர்கள், என் இரண்டு கையிலும் ரத்தம்! என்ன நடந்தது என்று கேளுங்கள்."

"ஐயா, என்ன நடந்தது?"

"என்ட பேர் அமிர்தநாயகம், பிள்ளை. நறுவிலிக்குளம்..."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த இர்ஷானாவின் பேனா நின்றது.

"ஒருத்தன் மோட்டார்சைக்கிளில வந்தான். முத்தத்தில விளையாடிக்கொண்டு நிண்ட என்ட பேத்தியைப் பின்னால வந்து தூக்கினான். நான் போய் இழுத்தன். மீன் வெட்டுற கத்தி பிள்ளை, தோளில வெட்டிப்போட்டான்! பிறகு பேத்தியிட முகத்தைப் பாத்தான். 'இது என்ட பிள்ளை இல்லை' எண்டான். போட்டிட்டு ஓடிட்டான்."

"உங்கட வீடு எங்க?"

"கோயிலுக்குப் பின்னால. ரெண்டாவது வீடு."

இனி அதை அவள் சிங்களத்தில் சொல்ல வேண்டும். நோயாளி சொன்னபடியே, 'நான்' என்று சொல்ல வேண்டும். தொழிலின் சட்டம் அது.

"என் பேத்தியைத் தூக்கினான்... நான் இழுத்தேன்... என் தோளில் வெட்டினான்..."

சொல்லும்போதே அழுகை வந்தது. அந்தக் கிழவரின் ரத்தம் அவளால் வந்த ரத்தம். ஒரு பிள்ளையைக் காப்பாற்றப்போய் இன்னொரு பிள்ளையின் முற்றத்துக்குக் கத்தியை அனுப்பியிருக்கிறாள்!

"பொலிஸ் தேடுகிறதாம்" என்றார் டொக்டர். "ஆள் ஓடிவிட்டான்."

ஓடிவிட்டானா? அப்படியானால் அவன் இப்போது ஆஸ்பத்திரியில் இல்லை.

அப்போது...

கீச்...!

அதே சத்தம்! அதே கிட்டத்தில்!

இர்ஷானா ஹெட்செட்டைக் காதோடு அழுத்தினாள். புருஷன் இல்லை. அவனுக்குச் செய்தி கொண்டுபோகிற ஆள் அங்கேயே நிற்கிறது!

டினோஜா வாயைப் பொத்திச் சொன்ன தமிழ் அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் வந்த சிங்களம் மட்டும் கேட்டிருக்கிறது. ஓலைத்தொடுவாய் இன்னும் பத்திரமாக இருக்கிறது... எவ்வளவு நேரத்துக்கு?

இர்ஷானா தொண்டையைச் செருமினாள்.

"டொக்டர், இது நோயாளி சொல்வது அல்ல. மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். காலையில் நான் ஒரு பிழை விட்டேன். அதைத் திருத்த வேண்டியது என் கடமை."

"என்ன பிழை?"

"ஒன்பதாம் கட்டில் அம்மாவின் பிள்ளை இருப்பது நறுவிலிக்குளத்தில் அல்ல. மன்னார் உப்புக்குளத்தில். பள்ளிவாசல் ஒழுங்கையில், பச்சைக் கேற் போட்ட வீடு."

"கடவுளே! ஊரையே மாற்றிச் சொன்னீர்களா? உங்கள் மேல் முறைப்பாடு எழுதுவேன்!"

"எழுதுங்கள், டொக்டர்."

கீச்... கீச்... கீச்...

சத்தம் விலகிப் போனது. அவசரமாக!

ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இர்ஷானா ஓடினாள். அடுத்த வீட்டுக்கு! அங்கே கேற்றைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

பச்சைக் கேற்!

கண்ணைக் கசக்கிக்கொண்டு நூர்ஜஹான் வந்தாள். இர்ஷானாவுக்கு ராத்தா, அதாவது அக்கா மாதிரி. பொலிஸ் சப்-இன்ஸ்பெக்டர். இடமாற்றத்தில் வந்து பத்து நாள்தான். இரவுக் கடமை முடிந்து நல்ல நித்திரையில் இருந்தவள்.

"என்னடி இர்ஷானா, வீடு பத்துதா?"

"ராத்தா, ஒரு பிள்ளையைத் தேடி உங்கட வீட்டுக்குக் கத்தியோட ஒருத்தன் வரப்போறான்!"

"என்ட வீட்டில பிள்ளையே இல்லையே!"

"அதாலதான் இஞ்ச அனுப்பினனான்!"

நூர்ஜஹானின் நித்திரை போய்விட்டது.

"ஆரவன்? பேர் என்ன?"

"தெரியாது."

"முகம்?"

"பாத்ததில்ல."

"பிள்ளை உண்மையா எங்க இருக்கு?"

"சொல்ல ஏலாது ராத்தா. ஒரு நோயாளி டொக்டருக்குச் சொன்னது அது."

"பின்ன என்னதான் தெரியும் உனக்கு?"

"கீச் எண்டு ஒரு சத்தம்!"

நூர்ஜஹான் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பைத்தியமா என்று யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"நறுவிலிக்குளத்தில ஒரு வயசாளியை வெட்டினவனா?"

"ஓம்!"

நூர்ஜஹான் டெலிபோனை எடுத்தாள்.

பத்து நிமிடத்தில் மதிலுக்குப் பின்னால் நான்கு பொலிஸ்காரர்கள். சீருடை இல்லாமல்.

இரண்டு மணி... மூன்று மணி... வெயில் மட்டும் வந்தது. இர்ஷானா நூர்ஜஹான் வீட்டு ஜன்னலோரம் நின்று ஓதிக்கொண்டிருந்தாள். அவன் வராவிட்டால்? வேறு வழியில் ஓலைத்தொடுவாய்க்குப் போயிருந்தால்?

மூன்று நாற்பது.

ஒழுங்கை முனையில் ஓட்டோ ஒன்று நின்றது!

இறங்கியது... அவனல்ல!

ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. கழுத்தில் செபமாலை. கையில் பிஸ்கட் பக்கெட், ஒரு சின்னச் சட்டை. கேற்றுக்கு வந்து கூப்பிட்டாள்.

"வீட்டுக்காரர்! பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். தாய்தான் அனுப்பினவ. பாவம், ஆஸ்பத்திரியில கிடந்து அழுகிறா."

ஜன்னலோரம் இர்ஷானா விறைத்துப்போனாள்.

அந்தக் கனிவு! 'அழாத பிள்ளை' என்ற அதே குரல்!

"ராத்தா! இவதான்!" என்று கத்தினாள்.

ஓட்டோவுக்குள்ளிருந்து ஒருவன் பாய்ந்து ஓடப் பார்த்தான். டினோஜாவின் புருஷன் றொட்னி! இரண்டு பொலிஸ்காரர்கள் அவனை மண்ணோடு அமுக்கினார்கள். இடுப்பிலிருந்து மீன் கத்தி விழுந்தது.

அந்தப் பெண் கத்தியைப் பார்த்தாள். பிஸ்கட் பக்கெட் கையிலிருந்து நழுவியது.

"கத்தியை எறிஞ்சிட்டன் எண்டு சொன்னியேடா..."

நூர்ஜஹான் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"பேர்?"

"திரேசம்மா. ஆஸ்பத்திரி அற்றெண்டன்ற்."

"சிங்களம் விளங்குமோ?"

"அனுராதபுரத்தில எட்டு வரியம் வேலை செய்தனான்."

"இவன் உனக்கு ஆர்?"

"என்ட ஞானப்பிள்ளை. இவனுக்கு ஞானஸ்நானத் தொட்டியில சத்தியம் குடுத்த ஞானத்தாய் நான்." அவள் விம்மினாள். "அவள் பொய் சொல்லுறாள் எண்டு நினைச்சன். தகப்பனிட்டப் பிள்ளை போறதில என்ன பிழை எண்டு நினைச்சன். அந்தக் கிழவர்தான் முதல் அடிச்சவர் எண்டு சொன்னான், நம்பினன். அதுதான் இந்தமுறை நானே வந்தனான்... நான் வந்தா ரத்தம் வராது எண்டு..."

"பிள்ளை கையில கிடைச்சிருந்தா என்னடா செய்திருப்பாய்?" என்று றொட்னியைக் கேட்டாள் நூர்ஜஹான்.

அவன் கண் மண்ணில் கிடந்த கத்தியை நோக்கிப் போனது. ஞானத்தாயின் முகத்தை அவன் பார்க்கவில்லை. திரேசம்மாவுக்கு அந்தப் பார்வையே போதுமாயிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் காலை பத்துக்கு டெலிபோன் அலறியது!

"டொக்டர் தனுக. ஒன்பதாம் கட்டில். ஸ்பீக்கர் போடவில்லை!" குரலில் கொஞ்சம் வெட்கம். "முறைப்பாட்டைக் கிழித்துவிட்டேன். நோயாளி உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம்."

டினோஜாவின் குரல் வந்தது. அதற்கு முன் ஒரு சின்னக் குரல் சிணுங்கியது, "அம்மா, பிஸ்கட்!" என்று.

"அக்கா... நீங்கள் ஆரெண்டு தெரியாது. கொழும்பில இருந்துகொண்டு என்ட பிள்ளையைக் காப்பாத்திப்போட்டீங்கள். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்."

மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இர்ஷானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெயர் சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

"அமிர்தநாயகம் ஐயாவுக்கு எப்படி, டொக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"அது வேறு நோயாளியின் விஷயம். உங்களுக்குச் சொல்லக்கூடாது." டொக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனால் இன்றைக்கு இங்கே யாரையும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை."

அன்று பின்னேரம் நூர்ஜஹான் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"உன்ட கீச்சைப் பிடிச்சிட்டன்டி!"

"என்ன ராத்தா அது?"

"திரேசம்மா தள்ளிக்கொண்டு திரியிற வீல்செயார்! திரைக்குப் பின்னால அதோடதான் நிண்டு கேட்டிருக்கிறா. சில்லுக்கு எண்ணெய் தாங்கோ எண்டு மூண்டு மாசமா அவவே கந்தோருக்குக் கடிதம் எழுதியிருக்கிறா. கந்தோர்க் கிளாக்கர் மேசை லாச்சிக்குள்ள அப்பிடியே போட்டு வச்சிருக்கிறான், பிரிச்சும் பாக்கேல்ல!"

"அல்லாஹ்வே! அப்ப அந்த ஆளை என்ன செய்யப்போறீங்கள்?"

நூர்ஜஹான் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன செய்யிறது? வேலை செய்யாம இருந்ததாலேயே ஒரு பிள்ளையைக் காப்பாத்தின கவர்மெண்ட் ஆள் அவன் ஒருத்தன்தான்... பதவி உயர்வுக்கு எழுதப்போறன்!"