சிரிப்புப் புத்தகம் வந்த வீடு

சனிக்கிழமை காலையில் எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவர்கள் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. மேட்டுக்காயல் நூலகத்து வாசலில், வேப்பமரத்தடியில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் வரிசையாக உள்ளே போவார்கள். உடல்நிலை காட்டும் உடல்வளை மாட்டிய கையை நூல்வழங்கி இயந்திரத்தின் முன்னால் நீட்டுவார்கள். அது ஒரு புத்தகத்தைத் தள்ளும். பிள்ளை அதைத் துணிப்பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்குப் போட்டு இறுக்கிக்கொண்டு வெளியே வரும்.

அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையை யாரும் பார்க்க மாட்டோம். இந்த ஊரில் வட்டிக்கு விடுகிறவனுக்கும் மரியாதை உண்டு, குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறவனுக்கும் நாலு பேர் பரிந்து பேசுவார்கள். ஆனால் "உங்க பிள்ளைக்கு என்ன புத்தகம் வந்திச்சு?" என்று கேட்டவள் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உன் புருஷன் எப்போது சாவான் என்று கேட்பதும் அதுவும் ஒன்றாகவே இருந்துவிடலாம் என்பதுதான் காரணம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரியாது. பழைய காயலைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, இனி எதுவும் சொல்லாமல் வரக்கூடாது என்று 'முன்னறி' என்கிற இயந்திர மூளையை உண்டாக்கினார்கள். யார் உடம்பில் என்ன வளர்கிறது, எந்தப் பாலம் எந்த மழைக்கு இற்று விழும், எல்லாம் அதற்குத் தெரியும். சும்மா இருப்பார்களா நம் ஆட்கள்? பெண் பார்க்க வந்தவன் ஜாதகத்துக்குப் பதிலாக முன்னறித் தாளைக் கேட்டான். அற்பாயுசு என்று தெரிந்தவனுக்கு எவனும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் சட்டம் போட்டு அதன் வாயைக் கட்டினார்கள். டாக்டரே ஆனாலும் பெரியவர்கள் யாருக்கும் முன்னறி எதையும் சொல்லக்கூடாது.

ஒரே ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்தார்கள். வரப்போகிற துக்கத்தைக் கதையாக முன்பே படித்துவிட்ட பிள்ளை அது வரும்போது உடைந்துபோவதில்லை என்று யாரோ நிரூபித்திருந்தார்களாம். அதனால் நூல்வழங்கி மட்டும் முன்னறியோடு பேசலாம். அப்பா துறைமுகத்து வேலையை இழக்கப்போகிறார் என்றால் பிள்ளைக்கு வேலையிழந்த அப்பாவின் கதை வரும். பத்துக்குக் குறைந்த வயதில் தாங்கத் தெரியாது, பதின்மூன்றுக்குக் கூடின வயதில் சொன்ன புத்தகத்தைப் படிக்காது. நடுவில் இருக்கிற இந்தப் பிள்ளைகள்தான் கொடுத்ததைப் படிக்கும். பிள்ளைகளுக்கு அது வெறும் கதை. பையை வாங்கியதும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற எங்களுக்குத்தான் அது தபால்.

என் பெயர் சுயம்புக்கனி. உப்புநீக்கு ஆலையில் வடிகட்டி மாற்றுகிற வேலை. என் புருஷன் நயினார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், செந்தூரி. அவளுக்குப் பத்து வயது முடிந்த வாரத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் சனிக்கிழமை அவள் கொண்டுவந்தது, பல் விளக்க மறுக்கிற ஒரு முதலையின் கதை. கடைசிப் பக்கத்தில் முதலைக்குப் பல் டாக்டர் வேலை கிடைக்கிறது. நான் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சிரிப்புப் புத்தகம் வந்த வீட்டில் மக்ரூன் என்கிற முந்திரி இனிப்பு வாங்குவார்கள். எந்தப் புத்தகம் என்று சொல்ல வேண்டாம், கேட்க வேண்டாம். பொட்டலத்தை நீட்டினால் இந்த வீட்டுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வாங்குகிறவர்கள் வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் வாரா வாரம் மக்ரூன். முதலைக்குப் பிறகு தூங்குமூஞ்சி ராஜா வந்தான், அப்புறம் இட்லி தின்கிற ரோபோ. எதிர்வீட்டு ரோஸ்லினுக்குப் பொட்டலத்தை நீட்டும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். போன வருஷம் செந்தூரியின் வகுப்பில் படிக்கிற அவள் மகள் ஜெமிமாவுக்கு அப்பா இல்லாத ஒரு பிள்ளையின் கதை வந்தது. ரோஸ்லின் யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் புருஷனுக்கு நண்டும் இறாலுமாக ஆக்கிப் போட்டாள். இவளுக்கு என்ன திடீர்க் கரிசனம் என்று தெருவே கேலி பேசியது. ஐப்பசி மழையில் அவர் போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அப்படிப்பட்டவளிடம் நான் வாராவாரம் என் அதிர்ஷ்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரோஸ்லின் வந்தாள். கையில் நான் கொடுத்த மக்ரூன் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. இன்னொரு கையில் ஜெமிமாவின் துணிப்பை. அதை மேசைமேல் வைத்து, ஊரே பார்க்காத காரியமாக, வாயை அவிழ்த்தாள்.

"கனி, கேக்கக்கூடாததைக் கேக்க வந்திருக்கேன். திட்டணும்னா பொறவு திட்டிக்கோ" என்றாள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வகுப்பறை இருந்தது. ஒரு பெஞ்சில் ஓர் இடம் காலி. அந்த இடத்தில் யார் உட்காருவது என்று பிள்ளைகள் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் யாரும் உட்காராமல் விடுகிறார்கள். ஜெமிமாவின் சிநேகிதிகளில் யாருக்கு என்னவோ என்று இரண்டு வாரமாக ரோஸ்லின் தவித்திருக்கிறாள். பள்ளி வாசலில் இன்னொரு தாய் காரணமில்லாமல் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து மெல்லப் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கும் அதே மாதிரிக் கதை. பிறகு ஒவ்வொருத்தியாக வாய் திறந்திருக்கிறார்கள்.

"வகுப்புல எல்லாப் பிள்ளையளுக்கும் காலி எடந்தான் வந்திருக்கு. ஒன்ட்ட மட்டுந்தான் கேக்கல. செந்தூரிக்கு என்ன வந்திச்சு?"

உள்ளறையில் செந்தூரி சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் வந்தது, தன் வாலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற குரங்கின் கதை. ரோஸ்லின் அந்தச் சிரிப்பைக் கேட்டாள். பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஆலைக்குப் போகாமல் நூலகத்துக்குப் போனேன். நூலகர் சங்கரவடிவு என்னைவிட இளையவள், அமைதியானவள். என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். முன்னறி சொல்வது தனக்கும் தெரியாது, நூல்வழங்கி எதைத் தள்ளுகிறதோ அதுதான் தனக்கும் தெரியும் என்றாள். அழுதும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"வரப்போறதைத் தாங்குறதுக்குத்தான் அது கதை குடுக்கும்" என்றாள். "சில பிள்ளையளுக்குத் தாங்கவேண்டிய வேலையே வராது. அதுகளுக்குச் சிரிக்கக் குடுக்கும். கெட்ட எண்ணமில்லக்கா. இருக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு நெனைக்கி."

மக்ரூன் தின்ற வாய் எனக்குக் கசந்தது. ஒன்றும் இல்லாத வீடு என்று ஊரெல்லாம் பொட்டலம் நீட்டினேனே. உலகத்தில் எந்தப் பிள்ளைக்காவது வருஷம் முழுக்க ஒரு சின்னத் துக்கம்கூட வராமல் இருக்குமா? வளர்க்கிற நாய் சாகும், சிநேகிதி ஊரைவிட்டுப் போவாள், அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவார்கள். அதில் எதுவுமே இவளுக்கு வராது என்று ஒரு பெட்டி சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் செந்தூரியின் உடல்வளையைப் பார்த்தார். பச்சை எரிந்தது. சட்டப்படி அது வெளியே தெரிகிற நோயை மட்டும்தான் காட்டும். அறிகுறி இல்லாமல் உள்ளே துழாவிப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. புத்தகத்தைச் சொல்லிக் கேட்டால் அப்போதே வெளியே அனுப்பிவிடுவார். பொய் சொன்னேன். பிள்ளை வயிற்று வலியில் துடிக்கிறாள், சோறு தங்கவில்லை என்றேன். வண்டியில் வரும்போதே செந்தூரிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பள்ளிக்கு மட்டம் போடத்தான் இந்த நாடகம் என்று நினைத்து, அவள் என்னைவிட நன்றாக நடித்தாள்.

கல்லீரல் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருந்தது. வலியும் காமாலையும் காட்டுகிற காலத்தில் வந்திருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். நல்லவேளை, சீக்கிரமே வலி வந்திருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். மருந்துக்குக் கட்டுப்படுகிற கட்டம் தாண்டிவிட்டது, யாராவது தன் கல்லீரலில் ஒரு பங்கு தரவேண்டும். நயினாருடைய இரத்தம் பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது.

கொடுக்கிறவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் ஏதாவது ஆகும், அதையும் சொல்லவேண்டியது தன் கடமை என்று டாக்டர் விளக்கினார். நான் காதில் வாங்கவே இல்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன். அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. வேப்பமரத்தடியில் போய் நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேண்டுதலை நான் வேண்டியதில்லை. என் பிள்ளைக்குத் துக்கமான புத்தகம் கொடு என்று வேண்டினேன். நாய் செத்துப்போகிற கதை கொடு. பரீட்சையில் தோற்கிற கதை கொடு. எதையாவது அவள் தாங்கவேண்டியிருக்கும் என்று சொல்.

செந்தூரி பையைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போகும் வரை பொறுமை இல்லை. மரத்துக்குப் பின்னால் போய்க் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பதினோரு வயதுப் பிள்ளை ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று, தானே தலை பின்னிக்கொள்கிறாள். பின்னல் கோணலாக இருக்கிறது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். வாசலில் அவள் அப்பா நிற்கிறார்.

முன்பக்கங்களைப் புரட்டினேன். அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில், போய்விட்டாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் என்ன இருந்தது என்பதை இப்போது தோண்டிப் பார்க்கப்போவதில்லை. பள்ளிக்குப் போகிறாளே, அது போதும். நேராகக் கடைக்குப் போனேன்.

நயினார் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு மூடி வைத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டார். வேறு யாராவது கிடைப்பார்கள், தேடலாம், கொஞ்சம் பொறுப்போம் என்றார்.

"சொல்லிட்டு வாங்க" என்றேன். "அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சிரிப்புப் புத்தகம் வரும். பரவால்லையா?"

அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நான் மக்ரூன் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். இந்த வாரமும் உங்க வீட்டுக்குத்தானா, கொடுத்துவச்சவ என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். செந்தூரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த தாய்மார்கள் மட்டும் குழம்பிப்போய், என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ரோஸ்லின் கதவைத் திறந்தாள். ஜெமிமாவுக்கு அந்த வாரம் வந்த புத்தகத்தை அவள் படித்திருக்க வேண்டும். அம்மாவைப் பறிகொடுத்த சிநேகிதியிடம் எப்படிப் பேசவேண்டும் என்கிற மாதிரி ஏதோ ஒன்று வந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்து ஒரு மக்ரூனை வாயில் போட்டு, மென்று விழுங்கினாள்.

"என்ன கறி ஆக்கிக் குடுக்கட்டும், சொல்லு. நண்டு வாங்கியாரட்டா?" என்றாள்.

வியாழக்கிழமை வரை அவளே ஆக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது செந்தூரி புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். கோபமாக இருந்தாள். நூல்வழங்கி கெட்டுப்போய்விட்டது என்றாள். மக்ரூனைக்கூடத் தொடவில்லை.

"நல்லாவே இல்லம்மா இது. இந்தப் பிள்ள அழுதுக்கிட்டே இருக்கா."

நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை நிமிர்த்தி அவள் கையில் கொடுத்தேன்.

"கடைசிப் பக்கம் பாத்துட்டேன். அதுல அழமாட்டா. படி" என்றேன்.