டாக்டர் படுத்துப் பார்த்த கட்டில்

குண்டூசியைப் பெற்ற அம்மா, அவள் பிறந்த அன்றே இறந்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. காட்டுக்குள் இருந்த குடியிருப்பிலிருந்து கம்பில் துணித் தொட்டில் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு அவளை வளர்த்தது சித்திதான்.

குண்டூசி என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஆள் ஒல்லி. கேள்வி கேட்டால் குத்தும். "இவ கையைத் தூக்கினாலே எனக்குச் சுருக்குன்னு இருக்கு" என்று வாத்தியாரே சொல்வார்.

இப்போது சித்தி மாசமாக இருந்தாள். கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து வந்த முதல் குழந்தை. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் மர லாரியில் வேலைக்குப் போயிருந்தார்கள்.

கீழே ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அக்கா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"இங்க பாரும்மா, உனக்கு ரத்தம் கம்மியா இருக்கு. வீட்ல வச்சுப் பிரசவம் பாத்தா ஆபத்து. வலி வந்ததும் கீழ வந்துடு, சரியா?"

சித்தி தலையை ஆட்டினாள். நர்ஸ் அக்கா இறங்கிப் போன பிறகு, "நான் போகமாட்டேன்" என்றாள்.

அத்தை அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். குடியிருப்பில் எல்லாருக்கும் பிரசவம் பார்ப்பது அத்தைதான்.

"போயிடு" என்றாள் அத்தை. "பிள்ளையை நான் பத்திரமா எடுத்துடுவேன். அப்புறம் ரத்தம் நிக்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல. இவ அம்மாவைப் பாத்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

"நீங்க என்கூட உள்ள வருவீங்களா, அண்ணி? உங்களை வாசல்லயே நிறுத்திடுவாங்க."

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளிவிட்டாள்.

சாயங்காலம் ஓடையில் துணி அலசும்போது குண்டூசி கேட்டாள். "சித்தி, உனக்கு ஊசின்னா பயமா?"

"உன்னை வீட்ல வச்சுக்கிட்டு ஊசிக்குப் பயப்பட முடியுமா?"

"அப்புறம் என்னதான்?"

சித்தி கையிலிருந்த துணியைப் பிழிந்து பாறைமேல் போட்டாள்.

"செக்கப்புக்குப் போனப்ப அந்த ரூமைப் பாத்தேன். உயரமா ஒரு இரும்புக் கட்டில். அதுல மல்லாக்கப் படுத்து, காலை ரெண்டு பக்கமும் தூக்கி வைக்கணுமாம். நம்ம வீட்ல விட்டத்துல கயிறு தொங்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுக் குத்தவச்சு உக்காருவோம். பின்னாடி உன் அத்தை தாங்கிக்குவாங்க. அங்க பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. நம்ம பேச்சு பேச ஒரு ஆள் இல்ல. வலியில கத்தினாக்கூட என்ன சொல்றேன்னு யாருக்கும் புரியாது."

குண்டூசி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை யாராவது நர்ஸ் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்களா?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"தலைவலியா, வயித்துவலியா?" என்று நர்ஸ் அக்கா கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. சித்தி ஏன் வரமாட்டேங்கிறாங்கன்னு சொல்ல வந்தேன்."

சித்தி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். நர்ஸ் அக்கா கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை ஏன் அவ என்கிட்டயே சொல்லல?"

"நீங்க வான்னுதானே சொன்னீங்க. ஏன் வரலைன்னு கேக்கலையே."

நர்ஸ் அக்காவுக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "கட்டில்ல படுத்திருந்தாத்தான் எனக்குப் பாக்க வசதிம்மா."

"உங்களுக்கு வசதி, சரி. படுக்கிறவங்களுக்கு? நீங்க அதுல படுத்துப் பாத்திருக்கீங்களா?"

"ஏய்" என்று நர்ஸ் அக்கா அவள் தோளைத் தொட்டார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. டம்ளரை மேசைமேல் வைத்தார். பிரசவ அறைக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார். ஒரு காலைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்தார். உச்சி விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் துழாவினார்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் வாளியோடு கதவைக் கடந்தார். வாளி கை நழுவி உருண்டது.

"டாக்டரம்மாவுக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று டாக்டரம்மா அவசரமாக எழுந்து உட்கார்ந்தார். திறந்திருந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்க படுத்தா வராந்தாவே தெரியுது. எனக்கு இது இத்தனை நாளாத் தெரியாது."

பிறகு குண்டூசியிடம் சொன்னார். "உன் சித்தி உக்காந்தே பெத்துக்கட்டும். நான் தரையில உக்காந்து பாத்துக்கறேன். அத்தையும் உள்ள இருக்கட்டும். ஆனா ரத்தம் போனா நிறுத்துற மருந்து இங்கதான் இருக்கு. அதுக்காகவாவது அவ வரணும். போய்ச் சொல்லு."

"நான் சொன்னா கதை விடுறேன்னு நினைப்பாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

மறுநாள் டாக்டரம்மா மேலே வந்தார். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்துவிட்டார், அது வேறு விஷயம். குடிசைக்குள் அத்தையும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். புரியாத இடத்தில் குண்டூசி எடுத்துச் சொன்னாள். கயிறு எவ்வளவு தடிமன், எந்த உயரத்தில் தொங்கவேண்டும், கீழே என்ன விரிக்கவேண்டும் என்று அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டரம்மா அவள் கையைச் சோப்புப் போட்டு எப்படிக் கழுவவேண்டும் என்று காட்டினார்.

சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்த ரூம் கதவு திறந்தே கிடக்குமே, அதுக்கு?" என்றாள்.

"திரை போட்டாச்சு" என்றார் டாக்டரம்மா.

"சரி, வரேன்."

அந்த வாரமே பிரசவ அறையில் கயிறு தொங்கியது. அது தாங்குமா என்று வாட்ச்மேன் அண்ணன் தொங்கிப் பார்த்தார். அவர் நல்ல கனம். "என்னையே தாங்கிடுச்சு. இனி யார் வேணா வரலாம்" என்றார். சித்திக்கு ரத்தம் கம்மி என்பதால் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தமும் வரவழைத்து வைத்தார்கள்.

ஒருநாள் காலையில் வலி எடுத்தது. பாதி தூரம் நடந்து, மீதி தூரம் ஜீப்பில் போனார்கள். அத்தை சித்தியோடு உள்ளே போனாள். திரை மூடியது. குண்டூசி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே அத்தையின் குரல் கேட்டது. தங்கள் பேச்சிலேயே, மெதுவாக, விடாமல் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ஒரு குழந்தை அழுதது.

குண்டூசி எழுந்து நின்றாள்.

ஆனால் யாரும் வெளியே வரவில்லை. அத்தையின் பேச்சு நின்றுபோயிருந்தது. நர்ஸ் அக்கா மட்டும் வெளியே ஓடி வந்து, எதையோ எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினார். "ரத்தம் நிக்கல. இன்னொரு ஊசி எடுங்க, சீக்கிரம்" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

அது என்னவென்று குண்டூசிக்குத் தெரியும். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் திரை விலகியது. அத்தை வந்தாள். புடவையெல்லாம் நனைந்திருந்தது. குண்டூசியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நின்னுடுச்சு" என்றாள்.

குண்டூசி அவளையே பார்த்தாள்.

"ரத்தம் நின்னுடுச்சுடி. நல்லா இருக்கா. பொட்டப்பிள்ளை." அத்தை அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "உங்க அம்மாவுக்கும் இது மட்டும் அன்னிக்கு..." குண்டூசி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

உள்ளே சித்தி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் துணிக்குள் சின்னதாக ஒரு முகம், உலகத்தின்மேல் கோபித்துக்கொண்டதுபோல.

"சித்தி, ரொம்ப வலிச்சுதா?"

"அப்புறம் சொல்றேன். இந்தப் பக்கம் வா. இடம் இருக்கு."

குண்டூசி ஊசி குத்தியிருந்த கையில் படாமல் மெல்ல ஏறிச் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும்போனாள்.

அத்தை வாசலில் நின்றபடி காதைக் கொடுத்துக் கேட்டாள். அறைக்குள் மூன்று பேரின் மூச்சு, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.